விடைபெற்றார்

மனநல டாக்டரம்மாவுக்கு நோயாளிகளைப் பார்ப்பது ஒரு வேலை என்றால், பார்த்ததை எழுதுவது ஒன்பது வேலை. வீட்டுக்குப் போயும் கணினியில் தட்டிக்கொண்டே இருப்பார். "எனக்கும் ஒரு குறிப்பு எழுதேன், நானும் இங்கதான் இருக்கேன்" என்பார் கணவர். அதனால், பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் கருவியை ஆஸ்பத்திரி கொடுத்தபோது, கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

கருவி எல்லாவற்றையும் கேட்டது; டாக்டரம்மா கேட்பதை விட்டுவிட்டார். வேண்டுமென்று இல்லை. முன்பு எழுதியாக வேண்டுமே என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இப்போது தலையாட்டினால் போதும். வாய் "ம், சொல்லுங்க" என்னும். மனசு வாசலில் இருக்கும் கூட்டத்தை நினைக்கும்.

போன வாரம் அந்த பஸ் டிரைவரும் அப்படித்தான் வந்து போனார். தூக்கமில்லை என்று மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தவர். இங்கிருந்து கிளம்பியவர், வழியில் தண்டவாளத்தைக் கடக்கையில் ரயிலில் அடிபட்டு இறந்தார். தவறியா, தானாகவா? ஊர்வாயை மூட உலைமூடி உண்டா, ஆளுக்கொன்று சொன்னார்கள்.

இன்று அவர் மனைவி எதிரில் உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்ந்த முகம்.

"அவரு கடைசியா பேசினது உங்ககிட்டதான். என்ன சொன்னாரு டாக்டர்?"

டாக்டரம்மா திரையைப் படித்தார். ‘தூக்கம் சற்று மேம்பாடு. மனநிலை அமைதி. அதே மருந்து தொடர்கிறது. நோயாளி விடைபெற்றார்.’

"கிளம்பும்போது?"

"விடைபெற்றார்னு இருக்கும்மா."

"அவரு அப்படியெல்லாம் பேசமாட்டாரு. போயிட்டு வரேன்னாரா, போறேன்னாரா? அத மட்டும் சொல்லுங்க. வரேன்னு சொல்லியிருந்தா வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்காரு."

குறிப்பில் கையெழுத்து விழுந்ததும் கருவி குரல்பதிவை அழித்துவிடும். அன்று படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது டாக்டரம்மாதான். நினைவைத் துழாவினார். நாற்காலி நகர்ந்த சத்தம், கதவு, அடுத்த டோக்கன். அந்த மனிதர் வாயசைத்தது தெரிந்தது; பேச்சு கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ‘வரேன்னுதான் சொன்னாரு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண் இன்று தூங்குவாள். அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் சொன்னது ‘போறேன்’ என்று இருந்திருந்தால், கையைப் பிடித்து உட்காரவைத்திருக்க வேண்டியவர் இவர்தானே.

"தெரியலம்மா. மெஷின் கேட்டுக்கிட்டிருந்துச்சு. நான் கவனிக்கல."

அவள் கருவியைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"எதிர்லதான டாக்டர் உக்காந்திருந்தீங்க?"