ஏழு பிள்ளை குடித்த மார்பு

"அடிச்சுத் துவைங்க மருமகனே! மாமியார் துணின்னு கொஞ்சுறீங்களா?"

யாரோ கத்த, கரையில் எல்லோரும் சிரித்தார்கள். முழங்காலளவு ஆற்றில் நின்று, வெனான்சியோ தன் மாமியார் தோமித்திலாவின் பாவாடைகளைத் துவைத்துக்கொண்டிருந்தான். அவள் செத்து இன்று ஐந்தாம் நாள்; அன்று மருமகன் துணி துவைப்பதும், ஊரார் கேலி பேசிச் சிரிப்பதும் வழக்கம். அழுக்கு மிச்சமிருந்தால் செத்தவள் துணி தேடி வீட்டுக்கு வந்துவிடுவாள். கரும்புச் சாராயம் கைமாறிக்கொண்டிருந்தது.

செத்தவளின் அக்கா பசிலியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தன்னைக் கொண்டுபோக வேண்டிய சாவு எப்படி வழி தவறித் தங்கையிடம் போனது? எத்தனை யோசித்தும் விளங்கவில்லை.

ஊர்ச் சதுக்கத்துக்கு மார்பைப் படமெடுத்து நோய் பார்க்கும் ஆஸ்பத்திரி வண்டி வரும்போதெல்லாம் தோமித்திலாதான் அவளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவாள். "நீ கல்யாணம் கட்டல, பிள்ளை பெக்கல. பால் ஓடாத மார்லதான்க்கா நோவு கட்டும்." ஊரும் அதையேதான் சொன்னது. "நீயும் வாயேண்டி" என்றால், தான் விற்கும் அவித்த சோளக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி மாரைத் தட்டிக் காட்டுவாள். "ஏழு பிள்ளை குடிச்சது. இதுல எந்த நோவு தங்கும்?" உள்ளே சில்லென்ற தகடுகளுக்கிடையே பசிலியாவின் மார்பு நசுங்கும். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்பார்கள். வெளியே வந்ததும் தங்கை கை நிறையச் சோளம் அள்ளித் தருவாள்.

வெனான்சியோ துவைப்பதை நிறுத்தினான். கையில் ஓர் உள்சட்டை. இடப்பக்கம், மார்பு படும் இடத்தில், பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. பஞ்சு முழுக்கப் பச்சிலை மருந்துக் கறை.

"பாவி, எனக்குச் சோளம் அள்ளிக் குடுத்தியே, அப்பவே இது இருந்துச்சாடி?" என்றாள் பசிலியா. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "கூடப் பொறந்தவகிட்டகூடச் சொல்லலையே."

காலையிலேயே சதுக்கத்தில் வண்டி வந்து நின்றிருந்தது. நாற்பது தாண்டிய பெண்களையெல்லாம் கூப்பிடும் ஒலிபெருக்கி ஆறு வரைக்கும் கேட்டது. தோமித்திலாவின் மூத்த மகள் நெலிதா, பாறை மேல் உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடி சொன்னாள்: "பெரியம்மா, வண்டி வந்திருக்கு. நீங்க போயிட்டு வாங்க. துணிய நான் பாத்துக்கறேன்."

"உனக்கும் நாப்பத்தொண்ணு ஆச்சேடி."

"எனக்கென்ன பெரியம்மா? இதோ, அஞ்சாவது குடிச்சிக்கிட்டிருக்கே."

பசிலியா அவளையே பார்த்தாள். "உங்கம்மாவும் இதத்தாண்டி சொன்னா."

நெலிதா வெனான்சியோ கையிலிருந்த உள்சட்டையைப் பார்த்தாள். அதிலிருந்து இன்னும் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பால் குடுக்கிறவள உள்ள விடுவாங்களா?"

"எனக்கென்னடி தெரியும்? போய்க் கேளு."

குழந்தையைப் பசிலியா வாங்கிக்கொண்டாள். நெலிதா சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு மேடேறினாள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். பசிலியா போ என்று கையை வீசினாள்.

குழந்தை சிணுங்கியது. முகத்தைத் திருப்பி, பசிலியாவின் மார்பில் சட்டையோடு வாயை வைத்துத் தேடியது.

"இங்க ஒண்ணுமில்லடா கண்ணு" என்றாள் பசிலியா. குழந்தை விடவில்லை. அவளும் அதை விலக்கவில்லை.