கொஞ்சம் சேறு

ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரை ஒதுங்கிய வாரமே வெர்னாவின் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லாமல் போயிற்று. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரைபடங்கள். அவை சுருண்டுவிடாமலிருக்க மூலைக்கு ஒரு ஜாம் பாட்டில். ஒன்டாரியோவின் வடக்கே அந்த ஊரைச் சுற்றி மண்ணைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஏரி, அதற்கு அடுத்து ஏரி, அதையும் தாண்டினால் இன்னொரு ஏரி. ஓர் ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை துடுப்புப் படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும். அப்படிப்பட்ட சுமைவழிகளை வெர்னா சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரப் பயணம். இருபது வருஷத்துக் கனவு.

எதிரே உட்கார்ந்து யோசனை சொல்ல வேண்டியவள் இர்யா. ஆனால் உட்கார்ந்திருந்தவள் ஷான்டல்.

இர்யாவும் வெர்னாவும் ஒரே படகில் துடுப்புப் போட்டே கிழவிகளானவர்கள். இர்யா முன்னால், வெர்னா பின்னால். சுமைவழி வந்தால் வெர்னா படகைத் தூக்கிக்கொண்டு முன்னே போவாள். இர்யா மூட்டைகளோடு பின்னே வருவாள். “கொஞ்சம் சேறுதான், பயப்படாம வா!” என்று வெர்னா குரல் கொடுப்பாள். நம்பிக் கால் வைத்த இர்யா முழங்கால் வரை இறங்குவாள். பெரிய மேட்டைக் கொஞ்சம் ஏத்தம் என்பதும், கொட்டுகிற மழையைக் கொஞ்சம் தூறல் என்பதும் வெர்னாவின் பிறவிக்குணம். இர்யா வாய் நிறையத் திட்டுவாள், பிறகு சிரிப்பாள்.

போன கோடையில் இர்யாவின் முட்டி மக்கர் பண்ணியது. ஒரு சின்னச் சுமைவழியில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து வந்து சேர்வதற்குள், மறுகரையில் காத்திருந்த வெர்னாவைக் கறுப்பு ஈக்கள் பிய்த்துத் தின்றுவிட்டன. அந்த எரிச்சல் குளிர்காலம் முழுக்கத் தீரவில்லை. இந்த முட்டியை நம்பி மூன்று வாரம் போக முடியாது என்று அவள் நினைத்ததில் தப்பு ஒன்றுமில்லை. அதை நேருக்கு நேர் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். சொல்லத் துப்பில்லை. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரும் ஷான்டலைப் போய் ரகசியமாகக் கூப்பிட்டாள். “இர்யாவே இந்தத் தடவை வேணாம்னு ஒதுங்கிட்டா” என்று அவளிடம் ஒரு பொய்.

இரண்டாவது பொய் இர்யாவிடம். ஒருநாள் காலை, உலர்த்திய உணவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள் இர்யா. வெர்னா அவசர அவசரமாக வரைபடங்களைச் சுருட்டினாள்.

“பாருடி, பனிக்காலம் பூரா அடுப்ப அணைக்கவே இல்ல. கொத்துக்கறி, பீன்ஸ், ஆப்பிள், உனக்குப் பிடிச்ச அந்தக் கேரட் சூப்பு. உள்ளங்கை அளவு எடுத்துத் தண்ணிய ஊத்துனா ரெண்டு பேருக்கு ராச்சாப்பாடு.”

“இர்யா... இந்த வருஷம் வேணாம்னு பாக்குறேன்.”

“ஏன்? என்னாச்சு?”

“முதுகு. கொஞ்சம் பிடிச்சிருக்கு.”

இர்யா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பெட்டியை மேசையில் வைத்தாள். “சரி, பாக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

ஜூனில் புறப்படும்போது ஊரே பார்க்கத்தானே போகிறது? பொய் சொல்கிற புத்திக்கு அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. வெர்னா அந்தப் பெட்டியை அலமாரிக்குள் தள்ளி, அதன்மேல் ஒரு போர்வையையும் போட்டு மூடினாள். திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் இர்யாவைக் கண்டால் தெரு மாறினாள். ஒரு சனிக்கிழமை, காட்டில் சாப்பாட்டைப் போட்டு வைக்க, கரடியால் திறக்க முடியாத பீப்பாய் ஒன்று வாங்க, ஷான்டலின் வண்டியில் கடைத்தெருவுக்குப் போனாள். ரெஜியின் இரும்புக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியதும் ஷான்டல் கெக்கெக்கென்று சிரித்தாள்.

“அய்யய்யோ, அங்க பாருங்களேன்! படகுக்குக் கால் முளைச்சு நடந்து வருது!”

தெருவின் கோடியில் ஒரு சிவப்புப் படகு தலைகீழாக வந்துகொண்டிருந்தது. கீழே இரண்டு பச்சை ரப்பர் பூட்ஸ், கால்சட்டைக்கு மேலே முட்டியில் ஒரு பட்டை. நாலு அடி நடக்கும், நிற்கும், மறுபடி நடக்கும். அது வெர்னாவும் இர்யாவும் துடுப்புப் போட்ட படகு. வெர்னா இருக்கையில் சரிந்து ஒளிந்தாள். படகைத் தோளில் வைத்தவளுக்குத் தன் காலடி மண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பது இருபது வருஷம் படகு தூக்கிய அவளுக்கா தெரியாது? இருந்தும் ஒளிந்தாள். ஒளிந்த பிறகுதான் அது புத்தியில் உறைத்தது, உடம்பெல்லாம் கூசியது.

கடை வாசலில் நின்ற ரெஜி குனிந்து ஜன்னல் வழியே பார்த்தார். “வெர்னா! உள்ள என்ன தேடுற? ரெண்டு வாரமா இந்தக் கூத்துதான் போ. தினம் தபால் ஆபீஸ் வரைக்கும் இர்யா படகைத் தூக்கிட்டுப் போறா, திரும்பி வர்றா. ‘வெர்னாவுக்கு முதுகு போச்சு, இனிமே படகு என் பொறுப்பு’ங்கறா. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினா, நான் உளறிட்டேன். முதுகு இப்ப எப்படி இருக்கு?”

ஷான்டலின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அவங்களே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்களே, வெர்னா?”

வெர்னா கதவைத் திறந்து இறங்கினாள். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை போலிருந்தது. அது பிளக்கவில்லை. நடந்து போய்ப் படகுக்கு எதிரே நின்றாள்.

“இர்யா.”

படகு நின்றது. “யாரு, வெர்னாவா? ரெஜி சொல்லிட்டானா? ஓட்டவாயன்! புறப்படுற அன்னிக்கு நானே தூக்கிக்காட்டி உன்ன வாயப் பிளக்க வைக்கலாம்னு இருந்தேன்டி.” குரலில் மூச்சு வாங்கியது, ஆனால் சந்தோஷம் வழிந்தது. “நீ கொஞ்சம்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ குனியக்கூட முடியாமத்தான் கெடக்குறன்னு. தோள் பட்டைக்குப் புதுசா பஞ்சு வச்சுத் தைச்சிருக்கேன். நீ சும்மா கைய வீசிட்டு வா, போதும்.”

“எனக்கு முதுகு வலியே இல்ல, இர்யா.”

படகு அசையவில்லை.

“நான் ஷான்டல் கூடப் போறேன். உன் முட்டிய நெனச்சு... உன்கிட்ட சொல்ல வாய் வரல. பொய் சொன்னேன்.”

ஓங்கி ஒரு அறை விழுந்திருந்தால் வெர்னா வாங்கிக்கொண்டிருப்பாள். முகம் தெரியவில்லை, பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. வலது கால் லேசாக நடுங்கியது.

“எறக்கி வச்சிடலாமா? நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.”

“வேணாம். வீட்டுல கொண்டுபோய் வைக்கணும். முன்னாடி நட. எனக்குக் கண்ணு தெரியல” என்றாள்.

வெர்னா முன்னால் நடந்தாள். ரெஜி பார்த்தார், தபால் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். வண்டிக்குள்ளிருந்து ஷான்டல் பார்த்தாள். நல்ல திடமான முதுகோடு கைவீசிக்கொண்டு ஒருத்தி. பின்னால் நொண்டிக்கொண்டு படகு சுமக்கும் ஒருத்தி. வெர்னா தலையை நிமிர்த்தவே இல்லை. “இங்க ஒரு படி” என்றாள். பச்சை பூட்ஸ் படியில் ஏறியது. “இடது பக்கம் கம்பம்” என்றாள். படகு வலது பக்கம் ஒதுங்கியது. இந்தக் குரலை நம்பி அந்தக் கால்கள் இன்னமும் நடந்தன.

இர்யாவின் தெருமுனையில் உருகிய பனி தேங்கிக் கிடந்தது.

“முன்னாடி கொஞ்சம் சேறு” என்றாள் வெர்னா, பழக்கத்தில்.

பூட்ஸ் சட்டென்று நின்றது.

“ஷான்டல்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடு” என்றது படகுக்கடியிலிருந்து வந்த குரல்.

“என்னன்னு?”

“நீ கொஞ்சம்னு சொன்னா அது எவ்வளவுன்னு. எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்குத் தெரியாது, பாவம்.”

படகு மெல்லத் திரும்பி, தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. வெர்னா அந்தச் சேற்றிலேயே இறங்கி நடந்தாள். இந்தத் தடவை நிஜமாகவே கொஞ்சம்தான். கணுக்கால்கூட நனையவில்லை. அதைக் கூப்பிட்டுச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள், சொல்லவில்லை.