படுத்துச் செய்யும் வேலை

கெய்ஸோவின் வருடத் திதி முடிந்த வாரம் ஹோசோயா காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். தெருமுனையில் திரும்பும்போதே கெய்ஸோவின் தம்பி யோஷிஹாருவுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. பழைய கட்டிலில் கனமான ஆள் புரண்டு படுப்பதுபோன்ற சத்தம்.

வெளிர்நீல செடான். பானெட்டின் இரு ஓரங்களிலும் கண்ணாடி வைத்த காலத்து வண்டி. தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹோசோயா வாங்கியது. ஓய்வு பெற்றும் விற்கவில்லை. சகாத்தா துறைமுகத்தின் உப்புக் காற்றிலிருந்து இத்தனை காலம் அதைக் காப்பாற்றியவர் கெய்ஸோ.

ஹோசோயா முதலில் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் மசாயோவிடம் நீட்டிக் குனிந்தார். மசாயோ கெய்ஸோவின் மனைவி. பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கணவரின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். முன்சக்கரப் பக்கம் சத்தம் வருகிறது, பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

அந்தப் பக்கத்து மூட்டுகளின் ரப்பர் வளையங்களை, புஷ் எல்லாவற்றையும், மாற்றியது கெய்ஸோ. அவர் கடைசியாகச் செய்த வேலை.

"அண்ணன் போட்ட புஷ் பத்து வருஷம் தாங்கும் சார். இப்ப வர்ற ரப்பர் சரியில்ல," என்றான் யோஷிஹாரு.

ஹோசோயா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மசாயோவைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அவர் போனதும், அண்ணி, நீங்களே வந்து பாருங்கள், ரப்பரைக் கையால் பிய்த்துக் காட்டுகிறேன் என்றான் யோஷிஹாரு. அவள் சிரித்தாள்.

"அண்ணனும் தம்பியும் ஒரே வார்ப்பு. வாயைத் திறந்தா வண்டிதான். உங்க அண்ணன் என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்கப்பா காருக்குக் கீழேதான் தலையை விட்டாரு."

வண்டியை லிஃப்டில் ஏற்றி உயர்த்தினான். சக்கரங்கள் தொங்கின. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையான ஆர்மைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் விளக்கை அடித்தான். வெள்ளைக் கோடு இல்லை.

இறுக்கி முடித்த போல்ட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பது கெய்ஸோவின் வழக்கம். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மற்ற வண்டிகளில் கோடு போடாத போல்ட்டை யோஷிஹாரு பார்த்ததில்லை. அழிந்திருக்கும் என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தான். அழிந்த தடமும் இல்லை.

ஆர்மைக் கழற்றி மேஜையில் வைத்தான். புஷ் எல்லாமே கிழிந்திருந்தன. ரப்பர் மோசமென்றால் வெடித்திருக்கும், உதிர்ந்திருக்கும். இது முறுக்கிக் கிழிந்தது. நான்கும் ஒரே திசையில். கிழியாத ஓரத்தை நகத்தால் அழுத்தினான். நல்ல ரப்பர். அழுத்திய இடம் உடனே நிமிர்ந்தது.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியைத் தரைக்கு இறக்கி, சக்கரங்களுக்குக் கீழே பலகை கொடுத்து, முழு எடையும் உட்கார்ந்த பிறகு அடியில் மல்லாந்து படுத்து இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுகிய நிலையிலேயே இருக்கும். நின்றாலும் ஓடினாலும் அதற்கு ஓய்வு இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் யோஷிஹாரு ஒரு தடவை அப்படிச் செய்தான். கெய்ஸோ திட்டவில்லை. ஸ்பேனரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்:

"உன் கல்யாணத்தன்னிக்கு உனக்குக் கழுத்துப் பிடிச்சுக்கணும்டா. அப்பத்தான் அந்த ரப்பரோட கஷ்டம் உனக்குப் புரியும்."

கல்யாணத்தன்று, படம் எடுக்க நிற்கும்போது, கழுத்து எப்படி இருக்கிறது என்று காதில் கேட்டார். படத்தில் யோஷிஹாரு மட்டும் சிரித்துக்கொண்டிருப்பான்.

அந்தக் கெய்ஸோ இதைச் செய்திருக்கிறார்.

அந்த நாளை நினைத்துப் பார்த்தான். காலையில் அண்ணன் அவனைச் சுருவோக்காவுக்கு வேறொரு வண்டிக்குச் சாமான் எடுத்துவர அனுப்பினார். அவசரமில்லாத சாமான். திரும்பி வந்தபோது நீல வண்டி வாசலில் நின்றது. அண்ணன் லிஃப்ட் தூணில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். முடிச்சாச்சா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு நுரையீரலும் போயிருந்தன. பல மாதமாகவே மூச்சு முட்டியிருக்கும், பக்கத்தில் இருந்தவர்கள் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் இருந்தவன் யோஷிஹாரு. ஒரே கூரையின் கீழ் முப்பது வருடம் வேலை செய்தவன். அவனிடம் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே போய்விட்டார். அந்தக் கோபத்தைத் தகனத்தன்றுகூட அவனால் இறக்கிவைக்க முடியவில்லை.

மசாயோ சோற்று உருண்டையும் டீயும் கொண்டுவந்து மேஜையோரம் வைத்தாள். ரப்பர் மோசம்தானா என்று கேட்டாள்.

அவன் கையைத் துணியில் துடைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அண்ணன் எப்படிப் படுத்துத் தூங்கினார் என்று கேட்டான்.

"எங்க படுத்தாரு? மெத்தையை மடிச்சு முதுகுக்குக் குடுத்து உக்காந்தபடியேதான் தூங்குவாரு. முதுகு வலின்னாரு. நானும் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன்."

யோஷிஹாரு கிழிந்த புஷ்ஷை அவள் பக்கம் நகர்த்தினான்.

"வண்டியை லிஃப்ட்லயே வெச்சு, நின்னுக்கிட்டே இறுக்கியிருக்காரு அண்ணி. அவரால படுக்க முடியல."

மசாயோ அதைக் கையில் எடுத்தாள். கிழிசலுக்குள் விரல் நுனியை வைத்துப் பார்த்தாள்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா நான் படுத்திருப்பேனே," என்றான். "அவசரமில்லாத சாமானுக்கு என்னை அனுப்பிட்டாரு."

அவள் புஷ்ஷைத் திரும்ப மேஜையில் வைத்தாள். டீ ஆறுது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் மூடவில்லை.

புதிய புஷ்ஷும் போல்ட்டும் வந்ததும் புஷ்ஷை அழுத்திப் பொருத்தினான். ஆர்மை மாட்டினான். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு வண்டியை இறக்கினான். சக்கரங்களுக்குப் பலகை கொடுத்தான். முன்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்தி ஆட்டி உட்காரவிட்டான். பிறகு சிமெண்ட் தரையில் அட்டையை விரித்து அடியில் புகுந்தான். ஸ்பேனரை இழுக்க இடம் குறைவு. ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வண்டி. கடைசி போல்ட்டை இறுக்கிக் கோடு இழுத்த பிறகும் அவன் உடனே வெளியே வரவில்லை.

ஹோசோயாவிடம் என்ன சொல்வது என்பதை அங்கேயே முடிவு செய்தான். ரப்பர் மோசம் என்று சொல்லிவிட்டால் அண்ணன் பெயர் தப்பிக்கும். ஆனால் கெய்ஸோவே அந்தப் பொய்க்குச் சம்மதித்திருக்கமாட்டார்.

ஹோசோயா வந்ததும் மசாயோவின் முன்னிலையிலேயே இடுப்பு மடியக் குனிந்தான். ரப்பரில் கோளாறு இல்லை, அண்ணன் இறுக்கிய முறை தவறு, குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான்.

"நிமிருங்க," என்றார் ஹோசோயா. "தப்பு என்னோடது."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். கெய்ஸோ வேலை செய்த அந்த நாளுக்கு மறுநாள் செண்டாயில் மகள் கல்யாணம். அதற்கு வண்டி வேண்டியிருந்தது. சாவியைக் கொடுக்கும்போதே கெய்ஸோ சொல்லியிருக்கிறார், வேலை இன்னும் முடியவில்லை என்று. போய்விட்டு வாருங்கள், அடுத்த வாரம் கொண்டுவாருங்கள், போல்ட்டை எல்லாம் தளர்த்தி, வண்டியைத் தரையில் வைத்து மறுபடி இறுக்க வேண்டும் என்றாராம்.

"'அது படுத்துச் செய்ற வேலை, தம்பி செய்வான். அவன்கிட்ட ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கு, அதுக்குள்ள சொல்லிடறேன்'னாரு. நான் வண்டியைக் கொண்டுவர இருந்த வாரம் உங்க வீட்டுலேருந்து சாவுச் செய்தி வந்துச்சு. துக்க வீட்டுல போய் போல்ட்டை இறுக்கிக் குடுங்கன்னு எப்படிக் கேக்கறது? வருஷம் கழியட்டும்னு இருந்துட்டேன். சத்தம் வந்தப்பவும் இருந்துட்டேன்."

யோஷிஹாரு மேஜைமேல் கிடந்த பழைய போல்ட்டைப் பார்த்தான். கோடு இல்லாத போல்ட்.

மசாயோதான் முதலில் அசைந்தாள். சாவியை எடுத்துத் துணியால் துடைத்து ஹோசோயாவின் கையில் வைத்தாள்.

வண்டி கிளம்பியது. வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது சத்தமே இல்லை. தெருவில் வண்டியை நிறுத்தி ஹோசோயா கண்ணாடியை இறக்கினார். அடுத்த வாரம் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சார். எல்லாம் முடிச்சு, கோடு போட்டாச்சு."

ஹோசோயா தலையசைத்துக் கியரைப் போட்டார். யோஷிஹாரு இரண்டடி முன்னால் வந்து ஜன்னல் விளிம்பைப் பிடித்தான்.

"வாங்க சார்," என்றான். "அண்ணன் சொன்ன மாதிரியே அடுத்த வாரம் கொண்டுவாங்க."