காரணம்: கலியாணம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு படிவத்தில். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதியை வயசுக்கு முன்னால் எடுக்க என்ன காரணம் என்று கேட்கும் கட்டத்தில், நாற்பத்தாறு வயசுப் பேச்சியம்மாவுக்காக என் கையால் ‘கலியாணம்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு மஸ்கெலியா டவுன் வரைக்கும் கேட்டதாம். (பக்கத்து வீடு வரைக்கும். சரி, என் மனைவி சுகிர்தத்துக்கு மட்டும்.)

மாப்பிள்ளை அழகுமுத்து. தோட்டம் கொடுத்த லயத்தில் இருபத்தாறு வருசமாக அவளோடு ஒரே அறைக் காம்பராவில் இருப்பவன். மகள் பிரேமினிக்கு இருபத்துநாலு வயசு. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கலியாணத்தைப் பதியவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்படிப் பாதிப்பேர். (கால்வாசிப்பேர்.)

2

முதல் தொடக்கம்: ‘பனி கவிழ்ந்த மலைச்சரிவில் கூடையைச் சுமந்தபடி பேச்சியம்மா—’

வேண்டாம். இதை எனக்கு முன்னால் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். கொழுந்து பறித்துப் போட அவளுக்கு இப்போது கூடையும் இல்லை, பைதான்.

இரண்டாவது: ‘தோட்ட ஆபீசில் முப்பத்தொரு வருசம் கிளாக்கராக இருந்து ஓய்ந்த நான்—’

இது என் கதை இல்லையே.

மூன்றாவது: ‘கூரையில்லாத நான்கு சுவர்களுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.’

இது நிற்கட்டும். உண்மையும் இதுதான்.

3

அந்தச் சுவர்கள் பேச்சியம்மாவின் சேமலாப நிதியிலிருந்து வந்தவை. வீடு கட்டுவதற்கு முப்பது சதவீதம் எடுக்கலாம். எடுத்தாள். விண்ணப்பித்த அன்று அந்தக் காசு முழு வீடு. கைக்கு வந்த அன்று நான்கு சுவர். இடைப்பட்ட மாதங்களில் சீமெந்தும் கம்பியும் ஆள்கூலியும் ஏறிவிட்டன.*

மிச்சத்தை எடுக்கப் பெண்களுக்கு ஐம்பது வயசாக வேண்டும். கலியாணத்தைப் பதிந்து, அதற்காக வேலையை விட்டால் மட்டும் அந்தக் கணக்கில்லை. இதை அழகுமுத்துவின் காதில் போட்டவன் நான்தான். இந்தக் கதையில் குற்றவாளி தேவைப்பட்டால் என்னை வைத்துக்கொள்ளலாம்.

அழகுமுத்துவைத்தான் முதலில் வில்லனாக்கப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. மழை பெய்யும் ஒவ்வொரு காலையும் அந்தச் சுவர்மேல் ஏறித் தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டு, சொட்டச்சொட்ட நனைந்து இறங்கி வருகிறவனை எப்படி வில்லனாக்குவது? வேலையிலிருந்து ஓய்ந்த அவனுடைய நிதி போன வருசமே வந்து, தங்கச்சியின் வைத்தியத்துக்கும் மகளின் படிப்புக்கும் போய்விட்டது. இந்தக் குடும்பத்துக்கு இனி இருப்பது பேச்சியம்மாவின் மிச்சம் மட்டுந்தான்.

* என் நிதியை நான் எடுத்தபோது, அதில் ஹட்டன் டவுனில் பாதியை வாங்கலாம் என்றார்கள். வங்கியில் போட்டேன். விலைவாசி பறந்த வருசத்தில் அது ஒரு கோழிக்கூடாகச் சுருங்கியது. கோழிக்குத் தனிக்காசு.

4

பேச்சியம்மாவும் அழகுமுத்துவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள்.

“கிளாக்கரையா, நீங்களே இவகிட்ட கேளுங்க. எனக்கு வெக்கமா இருக்கு.”

“நான் கேட்டா நான்ல மாப்பிள்ளை ஆயிருவேன்.”

“ஆசையப் பாரு” என்றது உள்ளேயிருந்து சுகிர்தத்தின் குரல்.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. “இருவத்தாறு வருசமா பதியணும்னு தோணல. இப்ப காசுக்குத் தோணுதாங்க?”

“காசுக்கு இல்ல புள்ள, கூரத் தகரத்துக்கு.”

“ஓ, தகரத்துக்குத்தான் என்னையக் கட்டிக்கிறீங்களா?”

“தகரம் ஒன் தலைக்கு மேலயும் தானே வரப்போகுது.”

“வேலைய விட்டா தோட்டத்து செக்ரோல்ல பேர வெட்டிருவாங்க. நம்ம வீட்டுல வேற யாரு பேரு இருக்கு? லயத்துக் காம்பராவக் கேப்பாங்க. அங்கிட்டு கூர பாதில நின்னுச்சுன்னா எங்க போறது? எனக்குன்னு இருக்கிறது அந்தக் காசு ஒன்னுதாங்க.”

அந்த இடத்தில் அழகுமுத்துவுக்கு ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுக்க மூன்று நாள் முயன்றேன். அவனிடம் இல்லாததை நான் எங்கே போய்த் தேட?

கடைசியில் அவளே சொன்னாள்: “பதியிறது பதிவோம். மத்தத அப்புறம் பாப்போம்.”

5

பதிவு நாளன்று பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் எழுந்து நின்று மணமக்களை வாழ்த்தினார்கள் என்று என் பிரதி ஒன்றில் இருக்கிறது. (அறுபது பேரும் நின்றது உண்மை. ஆசனம் கிடைக்கவில்லை.)

சாட்சிக்கு நானும் பிரேமினியும். பதிவாளர் ஷிராணி மிஸ் நிமிராமலே பிரேமினியிடம் கேட்டார். “நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?”

“மக, மிஸ்.”

பேனா நின்றது. “மாப்பிள்ளைக்கு?”

“அவருக்கும் மகதான்.”

சிரித்து முடித்துக் கையெழுத்துகள் ஆனபின், அழகுமுத்து சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மெதுவாக வைத்தான். வேலையை விடும் கடிதம். அதை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

பேச்சியம்மா என் பக்கம் திரும்பினாள். “ஐயா, கலியாணம் பதிஞ்சப்புறம் வேலைய விட எம்புட்டு நாள் இருக்கு?”

“எனக்குத் தெரிஞ்சு அஞ்சு வருசம்.”

“அதுக்கு முந்தி எனக்கு அம்பது வந்துரும்ல?”

“வந்துரும்.”

“அப்ப காரணமே வேணாம்.”

“வேணாம்.”

“அது வரைக்கும் மழ நிக்குமா புள்ள?” என்றான் அழகுமுத்து. கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டான்.

அவள் கடிதத்தை இழுத்துக் கையெழுத்து வைத்தாள்.

“தேதி?” என்றேன்.

“அத நான் போடுவேன்.” நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். “இவுங்க கேட்டா குடுக்காதீங்க. நான் கேட்டா ஏன்னு கேக்காதீங்க.”

6

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) அடுத்த மாதமே வந்து தேதி போடுகிறாள். காசு வருகிறது. கூரை ஏறுகிறது. அதன் கீழே, இனி வரப்போவதாக ஒரு காசுமில்லாமல், அவளுடைய முதுமை—

(ஆ) ஐம்பது வரை பொறுக்கிறாள். காசு முழுசாக வருகிறது. அன்றைக்கு அது எத்தனை தகரத்துக்குக் காணும் என்று கேட்டுக்கொண்டு, ஊறிப்போன சுவர்களின் நடுவே—

இரண்டையும் முடிக்க முடியவில்லை. மிகைப்படுத்துவது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் இதில் எந்தப் பக்கம் மிகைப்படுத்தினாலும் ஒருத்தியின் ஆயுசு போகிறது.

இன்று காலையிலிருந்து மழை. கடிதம் என் மேசையில் இருக்கிறது. என் கை சும்மா இருக்காது, நானே ஒரு தேதியைப் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே உங்களிடம் தருகிறேன், பிடியுங்கள். நான்கு வரி, கீழே கோணலாக ஒரு கையெழுத்து, பக்கத்தில் தேதிக்காக வெறும் புள்ளிக்கோடு.

அழகுமுத்து வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். நனைந்து வந்திருப்பான், உட்காரவைத்து ஒரு தேத்தண்ணி கொடுங்கள். அவள் வந்தால் பேனாவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள்.