ஒரு தோல் ஜாஸ்தி

வருஷம் முழுக்க மணலாய்க் கிடந்து மானத்தை வாங்குகிற பாலாறு, அந்த ஐப்பசியில் மட்டும் கரைபுரண்டு வந்து லில்லியின் வழியை மறித்தது. புருஷன் ஜெபராஜின் வலிப்பு மருந்து காலையில் கொடுத்ததோடு தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியோ அக்கரையில், ஆம்பூரில். வேளை தவறினால் வலிப்பு திரும்பும் என்று வெள்ளைக்கார டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியோரம் அவனுக்கு வேலை. போன தடவை வலிப்பு வந்தபோது குழிக்குள்ளேயே விழுந்தான். பிழைத்தது கர்த்தர் கிருபை.

“வந்தா செருப்ப மோக்க வெச்சுக்கலாம், இன்னாத்துக்குப் பேஜாரு?” என்றாள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள்.

“பொழுதன்னிக்கும் தோலத்தானக்கா மோந்துனு கெடக்குறாரு! அதுல நிக்கிற வலிப்பா இது?” என்று சீறிவிட்டு, காலி பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு லில்லி ஆற்றுக்குப் போனாள்.

அங்கே பரிசல்காரர் சத்தார், ஆம்பூர் ரயிலுக்குப் போகவேண்டிய தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“பொம்பளைங்கள ஏத்த மாட்டேம்மா. சொமை ஏற்கெனவே ஜாஸ்தி.”

“தோலுக்கு எடமிருக்கு, அத்த ஊற வெக்கிற மனுசனோட மருந்துக்கு எடமில்லயா பாய்? ஒரு தோல் ஜாஸ்தின்னு நெனச்சுக்கோங்க!”

கட்டின்மேல் ஏறி உட்கார்ந்தேவிட்டாள். சத்தார் தலையில் அடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில்தான் கொடுக்க வந்தார்கள். வெள்ளம் வடியும்வரை போதுகிற அளவு தராமல் நகரமாட்டேன் என்று வாசலை மறித்து நின்று, மூன்றாக வாங்கிக்கொண்டுதான் வழிவிட்டாள்.

திரும்பும்போது நடு ஆற்றில் பரிசல் பம்பரமாய்ச் சுற்றியது.

“பாட்டில உட்டுட்டு ரெண்டு கையாலயும் புடிம்மா!” என்று சத்தார் கத்தினார்.

அவளா விடுவாள்? பாட்டில்களை மடியில் இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அப்போதுதான் கரையைப் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான் ஜெபராஜ். தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாத மனுஷன்! பரிசலிலிருந்தே அவள் கத்தினாள்.

“ஏறுய்யா மேல! ஏறு!”

வெள்ளத்தின் இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்கும்? இன்னும் ஓரடி முன்னே வந்தான்.

பரிசல் கரை தட்டுமுன்பே குதித்தாள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தரதரவென்று மேட்டுக்கு இழுத்துப் போட்டாள்.

“லில்லி, ஆத்தோட போய்ட்டியோன்னு...”

“வாயத் தொறய்யா மொதல்ல.”

பாட்டிலின் அளவுக் கோட்டைப் பார்த்து, சொட்டுச் சிந்தாமல் அவன் வாயில் ஊற்றினாள். அவன் விழுங்கி முடித்தான். அதற்கப்புறம்தான் அவன் மார்பில் ரெண்டு குத்து குத்திவிட்டு, ஓவென்று அழுதாள்.