இரண்டாவது கேள்வி

சமூக நீதி இதழியல் பயிற்சியின் ஆறாவது வாரத்தில் எங்கள் பதினாறு பேரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒரு பொருளுக்கு இருவர்: ஒருவர் கட்டுரை எழுத வேண்டும், மற்றவர் படமெடுக்க வேண்டும். வருகிற எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றைத்தான் சனிக்கிழமைக் கூட்டத்தில் தொழிலாளர் துறை அதிகாரிகள் முன்னால் வைப்பார்கள். எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடம் கிடைத்தது. கிடைத்தது என்ன, நான்தான் கேட்டு வாங்கினேன். பதினோரு வருடமாக அங்கே வேலை பார்ப்பவள் என் சித்தி. நான்கு வருடமாக நான் தங்கியிருப்பதும் அவள் வீட்டில்தான். இந்த வசதி வேறு யாருக்கு வாய்க்கும்?

என்னோடு சேர்த்துவிட்டது நெட்டையை. உயரத்தால் வந்த பெயர். அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். கேமரா அவளுடையது, பேனா என்னுடையது.

நான் முறைப்படி போனேன். இருபத்துமூன்று கேள்விகளை வரிசை எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி இடம் விட்டு, மேசையில் சித்திக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கிளவுஸ் தராங்களா சித்தி?"

"தராங்க."

"வேலை கஷ்டமா?"

"எந்த வேலை கஷ்டமில்ல?"

அரை மணியில் முடிந்துவிட்டது. விட்ட இடத்தில் முக்கால்வாசி வெள்ளையாகவே இருந்தது.

நெட்டை முதல் இரண்டு நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லையாம். துணி உலர்த்தும் மொட்டைமாடியில் சித்தியோடு நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாம் நாள் சித்தி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறாள்.

அதைப் பயிற்சி அறையில் எல்லோரோடும் உட்கார்ந்துதான் நானும் பார்த்தேன். திரையில் சித்தி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. "சோதனைக்கு ஆள் வர்ற அன்னிக்குக் காலையில கிளவுஸ் தருவாங்க. சாயங்காலம் எண்ணி வாங்கிப்பாங்க. மூணு வருஷம் முன்னாடி மனு எழுதினேன். மறுநாளே ரத்தத் துணிப் பக்கம் மாத்திட்டாங்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல."

வீட்டில் யார் என்றால் நான்தானே. தினமும் அவள் கையில் எண்ணெய் தடவுவதைப் பார்த்து, வறண்ட தோல் என்று நினைத்திருக்கிறேன். அவள் கைக்காக வருந்தியிருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒருத்தியிடம், அதுவும் இவளிடம் சொல்லியிருக்கிறாளே.

"வாத்தியாரம்மா, உங்க சித்தி பின்னிட்டாங்க," என்றாள் நெட்டை. எதையும் முறைப்படி செய்வதால் அவள் எனக்கு வைத்த பெயர் அது. பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கட்டுரையின் ஓரத்தில் அவர் எழுதியிருந்தது இரண்டே சொல்: தகவல் சரி.

எங்கள் பயிற்சியில் ஒரு விதி உண்டு. படத்தில் இருப்பவருக்கு முதலில் போட்டுக் காட்டி, மூன்று கேள்வி கேட்டு, பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே படிவத்தில் எழுத வேண்டும். யார் பார்ப்பார்கள் தெரியுமா? இதனால் உங்களுக்கு என்ன நேரலாம்? எதையாவது எடுத்துவிட வேண்டுமா? படமெடுத்தவர் கேட்கக் கூடாது. கேட்பவர் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், எவ்வளவு நேரமானாலும்.

"உன் சித்திதானே, நீயே கேட்டுட்டு வா," என்று படிவத்தை என்னிடம் கொடுத்தார் பயிற்சியாளர்.

அன்று மாலை வீட்டில் போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் முதல் கேள்விக்கு, "பெரிய ஆளுங்க பார்ப்பாங்க," என்றாள் சித்தி. இரண்டாவதைக் கேட்டேன். அவள் பேசவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு நானே சொன்னேன்: "வேலை போயிடும் சித்தி. மனுவுக்கே அப்படிப் பண்ணினாங்க. இதுல முகம் வேற தெரியுது."

சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

"சரி, அப்ப வேணாம்," என்றாள். எழுதிக்கொண்டேன். அன்று சோறு நன்றாக இறங்கியது.

நெட்டை சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவங்க வேணாம்னா வேணாம்தான்," என்று முடித்துவிட்டாள். அதுவும் பொறுக்கவில்லை எனக்கு. மறுத்தவர், கேள்வி கேட்டவர் இருவர் கண்ணெதிரேயும் படத்தை அழிக்க வேண்டும் என்பது விதி என்பதால் மறுநாள் மதியம் வீட்டுக்கே வந்து, முன்னறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். சித்தி டீ போட்டுக்கொண்டிருந்தாள். டீக் கோப்பைகளை எடுக்க நான் அடுக்களைக்குள் போனேன்.

"வேலை போகும்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.

"அப்புறம் ஏன் வேணாம்னீங்க?"

"உன் மூஞ்சியப் பார்த்துத்தான். உன் பொருளை எடுத்து அவகிட்ட குடுத்துட்ட மாதிரி உட்கார்ந்திருந்தே. நாலு நாள் பழகினவளுக்காக வீட்டுப் பொண்ண வாட விடவா?"

"என்கிட்ட ஏன் சொல்லல சித்தி?"

"ஆஸ்பத்திரியில பேர் பதியறவ மாதிரி தாளோட உட்கார்ந்தே. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அவ ஒண்ணுமே கேக்கல."

வெளியிலிருந்து நெட்டையின் குரல்: "வாத்தியாரம்மா, ரெண்டு பேரும் வந்தா அழிச்சிடுவேன். விதி உங்களுக்குத் தெரியாததா?"

சும்மா நின்றிருந்தால் போதும். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். சனிக்கிழமை என் கட்டுரைக்கும் வழி பிறந்திருக்கும். சித்தி கோப்பைகளில் டீயை ஊற்றினாள். சூடு தாங்காமல் தோலுரிந்த விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தாள்.

நான் முன்னறைக்குப் போனேன். "அழிக்காதே. கேள்விய நான் தப்பா கேட்டேன். பதிலையும் நானே சொல்லிட்டேன்."

"எந்தக் கேள்வி?"

"ரெண்டாவது."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

நெட்டை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருக்குடி உன் சமூக நீதி," என்றாள். பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "நான் கேக்கக் கூடாது. நீயே கேளு."

சித்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

"வேலை போகலாம். அநேகமா போகும்," என்றாள் வெகுநேரம் கழித்து. "என்னைத் தூக்கிட்டு அந்த ரத்தத் துணிக்கு வேற ஒருத்தியத்தான் போடுவாங்க. அவளும் வீட்டுல கைய மறைச்சிக்கிட்டுத் திரியணுமா? காட்டுங்க."

"எதையாவது எடுத்துடணுமா?"

"மூக்கை உறிஞ்சற இடம் ஒண்ணு வருது. அசிங்கமா இருக்கு. அத மட்டும் எடுத்துடும்மா."

நெட்டை சிரித்துவிட்டாள். சித்தியும் சிரித்தாள். கேட்டது நான், சித்தி பதில் சொன்னதெல்லாம் நெட்டையின் முகத்தைப் பார்த்துத்தான். நான் குனிந்து, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.