ஒப்பீட்டு ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோம்பேறிப் பழக்கம் உண்டு. நோயாளியின் ரத்தத்தை நல்ல ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக யாரைப் போய்க் கெஞ்சுவது? நானே கையை நீட்டிவிடுவேன். ஆறு வருடமாக எங்கள் குழாய்களில் 'நார்மல்' என்று சீட்டு ஒட்டியிருப்பது என் ரத்தம்தான்.

கொழுப்பு ரத்தத்தில் தானாகக் கரையாது. அதைப் பொதிந்து சுமந்துபோகவே சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏபோ-ஈ என்ற ஒன்றின் மரபணுவோடுதான் என் பிழைப்பு. இந்தப் புரதங்களுக்கெல்லாம் ஆதியில் ஒரே மரபணுவாக இருந்தது, நகலாகிப் பல மரபணுக்களாகப் பிரிந்து, ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டது. கோடிக்கணக்கான வருடங்கள் ஆகியும் அந்த உடன்பிறப்புகளில் சில இன்னமும் அடுத்தடுத்தே குடியிருக்கின்றன. நானும் அண்ணனும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏழு வருடமாகப் பேசுவதில்லை. அம்மாவின் கடைசி வாரத்தில் நான் ஆய்வே கதியென்று கிடந்தேன் என்பது அவன் கோபம். அந்தக் கோபம் நியாயம்தான்.

போன மாதம் புது இயந்திரம் வந்தது. பழையது பார்க்காத இடங்களையும் இது பார்க்கும். எவருடைய ரத்தத்தை வைத்தாலும் ஓரிடத்தில் என்னுடையதோடு ஒத்துப்போகவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மூன்று வாரம் இயந்திரத்தைத் திட்டினேன். பழுதுபார்க்க வந்தவர் இரண்டாம் முறை பொறுமையிழந்துவிட்டார்.

"மேடம், எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க, ஒருத்தர் மட்டும்தான் வேற. அந்த ஒருத்தரைக் கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். என் ஏபோ-ஈ மரபணுவில் மூன்று எழுத்து விடுபட்டிருந்தது. அப்படி விடுபட்டால் கெட்ட கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடும். அப்பா நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது நினைவுக்கு வந்தது. அவரிடமிருந்து வந்ததென்றால் அண்ணனுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனுக்கு இப்போது நாற்பத்தைந்து.

அப்பா வழியில் ஒரு கோளாறு இருக்கலாம், ரத்தம் கொடுத்துவிட்டுப் போ என்று மட்டும் செய்தி அனுப்பினேன். மறுநாளே வந்தான். தலை நரைத்திருந்தது. ஊசி குத்தும்போது சின்ன வயதில் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். முடிவு வர எத்தனை நாள் என்று கேட்டான், போய்விட்டான்.

அந்த ஒன்பது நாளும் நான் நினைத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவனுக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன். இருந்தால் மாத்திரை, பத்தியம், மூன்று மாதத்துக்கொரு பரிசோதனை என்று அடிக்கடி வருவான். அந்த மரபணு என்னோடு மட்டும் நின்றுவிடக் கூடாதென்று பாவி மனசு அடித்துக்கொண்டது.

பத்தாம் நாள் முடிவு வந்ததும் போன் செய்தேன்.

"உனக்கு இல்லண்ணா."

அவன் மூச்சு விடுவது கேட்டது. "பசங்களுக்கு?"

"உனக்கே இல்லையே, உன் வழியா அவங்களுக்கு எப்படி வரும்?"

அவன் உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னான். அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளைகள் என்ன, என்ன என்று ஓடிவந்தார்கள். வீடு நிறைந்த சத்தம்.

"பெரிய உபகாரம் பண்ணினே. சரி, வெச்சிடறேன்" என்றான் அண்ணன்.

யாரிடம் அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாமென்று, இணைப்பு அறுந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.